கோடரி முதல் சங்கிலி ரம்பம் வரை

நாட்டு வரலாறு எழுதுவோர் அரசர்களையும் ஆளுநர்களையும் முதலில் வைத்துப் பேசுவர். பின்னர்ப் போர்களையும் உடன்படிக்கைகளையும் கூறுவர். அதன்பின் இடமிருந்தால் உழைத்த மக்களைப் பற்றி இரண்டொரு வரி எழுதுவர். அம்மக்கள் கையில் பிடித்திருந்த கருவிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. வள்ளுவப் பெருந்தகையோ வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்தனுள் கருவியையும் ஒன்றாக எண்ணினார். கருவி மாறினால் தொழில் மாறும். தொழில் மாறினால் அதனைச் செய்வோர் வாழ்வும் மாறும் என்பதற்கு மலேசியத் தமிழரின் வரலாறே சான்றாகும்.

மரம் வெட்டும் கருவிகளை எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இக்கருவிகளின் வரலாற்றில் ஒரு வினா தொடர்ந்து எழுகிறது. கருவியைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அதனைக் கையில் பிடித்தவர் யார்? இருவரும் ஒருவராக இருந்த காலமும் உண்டு. வெவ்வேறாகிப் போன காலமும் உண்டு. இந்த வேறுபாடு எவ்வளவு பெருகியதோ அவ்வளவுக்குத் தொழிலாளியின் உடலும் உயிரும் இடருக்குள்ளாயின.

மரத்தின் பெயரால் ஓர் ஊர்

கோலாலம்பூரின் வடபால் அமைந்த செந்தூல், ஒரு பழமரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். செந்தூல் மரம் இந்நாட்டுக் காடுகளிலும் கம்பத்து வீட்டுத் தோட்டங்களிலும் வளர்வது. புளிப்பும் இனிப்பும் கலந்த கனி தருவது. மரத்தின் பெயரால் அழைக்கப்படும் அவ்வூர், புகழ்பெற்றதோ இரும்பினால். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886 ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டு இரயில்வேயின் மையப் பணிமனை செந்தூலில் எழுந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர் அங்கே தொழிலாளராகவும் எழுத்தராகவும் பணிபுரிந்து, ஊரையே தமிழூர் போல் ஆக்கினர்.

இரும்புத் தொழில் என்று நாம் நினைக்கும் இரயில்வே உண்மையில் மரத்தின்மேல் ஓடிய தொழிலாகும். தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த கட்டைகள் செங்கால், பாலாவ் முதலிய வன்மரங்கள். பயணிகள் பெட்டிகளின் உடற்பகுதியும் மரமே. தொடக்க காலப் புகைவண்டிகள் விறகையும் எரித்தன. பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் பெயர் தந்த செங்கற் சூளைகளும் விறகினால் எரிந்தவையே. ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்கள் யாவும் எங்கோ ஒரு காட்டில் எவரோ ஒருவர் ஓங்கிய கோடரியின் பயனாய் எழுந்தவை என்று கூறினால் அது மிகையாகாது.

கோடரிக் காலம்

இந்நாட்டுக் காட்டுமரத்தை வீழ்த்துதல் எளிய செயலன்று. பெருமரங்களின் அடியில் பலகைவேர்கள் ஆள் உயரத்துக்கு மேலும் சுவர்போல் விரிந்து நிற்கும். அவற்றை வெட்டி மாளாது. ஆதலின், மரத்தைச் சுற்றிக் கழிகளால் பரண் கட்டி, அதன்மேல் நின்று, பலகைவேர்கள் முடியும் உயரத்தில் வெட்டுவர். இதற்கு மலாய் மக்கள் கையாண்ட கருவி பெலியோங் என்பது. அதன் இரும்புத்தலை சிறியது, குறுகியது. வளைந்து கொடுக்கும் காம்பில் பிரம்பினால் இறுகக் கட்டப்பட்டது. கனத்த ஐரோப்பியக் கோடரியோடு ஒப்பிட்டால் விளையாட்டுப் பொருள்போல் தோன்றும் அச்சிறு கருவியைக் கொண்டே, காலுக்கடியில் அசையும் பரணில் நின்று, வானளாவிய மரங்களை அவர்கள் சாய்த்தனர். பரண்மேல் நிற்பவனுக்குக் கனத்த கோடரி ஆகாது என்று கண்டு இக்கருவியை ஆக்கிக்கொண்டவர்கள் அதைப் பிடித்தவர்களே. தேர்ந்தவரும் பிடித்தவரும் ஒருவராயிருந்த காலம் அது.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, காட்டை வீழ்த்தும் முதல் வேலை பெரும்பாலும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் குத்தகைக்கு எடுத்துச் செய்ததாகும். வீழ்த்திய மரங்கள் காயும்வரை காத்திருந்து தீயிடுவர். எரிந்தும் எரியாமலும் கிடக்கும் கட்டைகளை அகற்றுதல், குழி தோண்டுதல், கன்று நடுதல், லாலாங் புல்லைக் களைதல் ஆகியவை தமிழரின் தோள்மேல் விழுந்தன. பாராங் கத்தியும் சங்கூல் மண்வெட்டியும் அவர்களுக்குத் தோட்டம் தந்த கருவிகள். இலங்கையின் காப்பித் தோட்டங்களில் மலைச்சரிவுக் காடுகளை வேறொரு முறையில் வீழ்த்தினர். சரிவிலுள்ள மரங்களைக் கீழிருந்து மேலாகப் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியிலுள்ள பெருமரத்தை முற்றும் வெட்டிச் சாய்ப்பர். அது கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை அடுத்தவற்றின்மேல் விழ, சரிவு முழுதும் இடியோசையுடன் சரியும். உழைப்பை மிச்சப்படுத்தும் முறைதான். ஆயினும் பாதி வெட்டிய மரங்களுக்கிடையே நிற்பவனுக்கு ஒரு பெருங்காற்றே எமனாகிவிடும்.

கையறிந்த கத்தி

தமிழர் இந்நாட்டில் தமக்கே உரியதாக்கிக்கொண்ட மரத்தொழிற் கருவி பால்வெட்டுக் கத்தியாகும். ரப்பர்க் கன்றுகள் 22, இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877 ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையின் உயிர்நாடி, கத்தியைப் பிடித்த கையின் நுண்மையில் இருந்தது. சீவல் தடித்தால் பட்டை விரைவில் தீர்ந்துபோகும். கத்தி ஆழ்ந்தால் பட்டைக்கு உள்ளிருக்கும் வளர்படலம் காயமுற்றுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலோட்டமாக வெட்டினாலோ பால் குறையும்.

ஆகவே விடியுமுன் நிரைக்குச் சென்ற ஒவ்வொரு பால்மரத் தொழிலாளியும், ஆணாயினும் பெண்ணாயினும், தம் கத்தியைத் தாமே தீட்டுக்கல்லில் தீட்டினர். விளிம்பின் கூர்மையை விரல் நுனியால் அறிந்தனர். பிறர் கத்தியை வாங்கி வெட்ட விரும்பாதார் பலர். கருவி தோட்டத்துக்கு உரியதாயினும், அதன் கூர்மை தொழிலாளிக்கு உரியதாயிருந்தது. எழுதப் படிக்க அறியாத நம் முன்னோர் பெற்றிருந்த தொழிலறிவை நாம் கல்வி என்று மதிக்கத் தவறிவிட்டோம். அத்தவற்றினால், பின்வந்த கருவிகளைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் எழாமற் போயிற்று.

சங்கிலி ரம்பத்தின் பிறப்பு

மேலைநாடுகளில் இதற்கிடையே வேறொரு கருவி உருவாகி வந்தது. பற்கள் பொருந்திய சங்கிலியைச் சுழற்றி வெட்டும் எண்ணம் முதலில் தோன்றியது காட்டில் அன்று, மருத்துவமனையில். செருமானிய நாட்டு வூர்ட்சுபர்க் நகரைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு ஹைனே என்பார், எலும்பை அறுப்பதற்கெனக் கையால் சுழற்றும் சிறு சங்கிலிக் கருவியை 1830 ஆம் ஆண்டில் அமைத்தார். மரத்துக்கென 1926 இல் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை ஆக்கினார். அதன் எடை ஏறத்தாழ 48 கிலோ. தூக்குவதற்கே இருவர் வேண்டும். அடுத்த ஆண்டில் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலால் இயங்கும் ரம்பத்தை, துரிங்கியாவிலுள்ள டோல்மார் என்னும் மலையில் சோதித்துப் பார்த்து, அம்மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளி ஒரு வியப்பைக் கண்டார். மரக்கட்டையைக் குடைந்து செல்லும் ஒரு வண்டின் புழு, தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே எளிதாக முன்னேறுவதை அவர் கூர்ந்து நோக்கினார். அதனைப் பின்பற்றி, இடப்பல் ஒன்று வலப்பல் ஒன்று என அமைந்த சங்கிலியை 1947 இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்றும் உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அவ்வமைப்பின் வழிவந்தவையே. ரம்பத்தைக் கையில் பிடித்து அல்லற்பட்ட ஒருவரே அதனைத் திருத்தினார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. 1959 இல் ஸ்டீல் நிறுவனம் வெளியிட்ட ரம்பத்தின் எடை 12 கிலோவே. ஒருவர் தனியே தூக்கிச் செல்லும் கருவி உலகச் சந்தைக்கு வந்துவிட்டது.

மலாயாவில் நிகழ்ந்த மாற்றம்

1950களிலும் 1960களிலும் சங்கிலி ரம்பம் நம் காடுகளில் இடம்பெற்றது. அதனுடன் சேர்ந்து, போருக்குப்பின் எஞ்சிய படைத்துறை லாரிகளில் இழுவைப் பொறி பொருத்திய வண்டிகளும் காட்டுக்குள் புகுந்தன. சீனத் தொழிலாளர் அவ்வண்டியை மலையரசன் என்னும் பொருளில் சான் தாய் வோங் என்று அழைத்தனர். பரண்மேல் நின்று மணிக்கணக்கில் வெட்டிய மரத்தைச் சில நிமிடங்களில் வீழ்த்த முடிந்தது. அதே காலத்தில், 1956 இல் தோன்றிய ஃபெல்டா நிலக்குடியேற்றத் திட்டங்களுக்கெனக் காடுகள் பெருமளவில் திருத்தப்பட்டன. காடு குறைந்ததற்குக் கருவி காரணமன்று. நில வேட்கையே காரணம். ஆயினும் அவ்வேட்கைக்கு வேகம் தந்தது இக்கருவி.

தோட்டத் தமிழரை இது நேரே தொட்டது மறுநடவின்போதுதான். பழைய ரப்பர் மரங்களை நீக்கிப் புதியன நடும் பணி 1950களில் விரைவு பெற்றது. முதிய மரங்களை நீக்க மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பட்டையைச் சுற்றிச் சீவி, சோடியம் ஆர்சனைட்டு என்னும் நஞ்சைப் பூசி, மரத்தை நின்றபடியே சாகவிடுதல். இரண்டாவது, ரம்பத்தால் அறுத்தல். மூன்றாவது, பெரும் பொறிகளால் வேரோடு பெயர்த்தல்.

நஞ்சு மலிவானது, ஆனால் பூசுபவரையும் மேயும் ஆடுமாடுகளையும் கொல்ல வல்லது. அறுத்த அடிக்கட்டையை அப்படியே விட்டால் வெள்ளை வேர்நோய்ப் பூஞ்சை அதில் குடிகொண்டு இளங்கன்றுகளின் வேரைப் பற்றும். ஆகவே வெட்டுவாய்க்கு மருந்து பூச வேண்டும். வேரோடு பெயர்த்தால் நோய் குறையும், செலவு மிகும். தோட்ட நிருவாகம் இம்மூன்றையும் ஏக்கருக்கு என்ன செலவு என்னும் கணக்கிட்டுத் தேர்ந்தது. நஞ்சுக் கலயத்தையோ ரம்பத்தையோ பிடிப்பவருக்கு என்ன நேரும் என்னும் வினாவுக்கு அக்கணக்கில் இடம் அரிதாகவே இருந்தது.

வெட்டிய மரமும் பின்னர் விலைபெறத் தொடங்கியது. முன்பு புகைவீட்டு அடுப்புக்கு விறகான ரப்பர் மரம், 1967 இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயவாத்தா இரும்பாலைக்குக் கரியாயிற்று. 1970களின் இறுதியிலிருந்து, பூஞ்சைக்கும் வண்டுக்கும் எதிராகப் போரான் உப்பு ஏற்றப்பட்டு, மேசை நாற்காலிகளாகி ஏற்றுமதியாயிற்று. மரம் வெட்டும் வேலை குத்தகையாளரிடம் சென்றது. குத்தகையாளர் அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தார். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, ஆட்தேவை குறைந்தது. மூன்று தலைமுறையாகப் பால்வெட்டிய குடும்பங்கள், தாம் அறிந்த கத்தியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு நகரை நோக்கி நடந்தன.

உடல் செலுத்திய விலை

சங்கிலி ரம்பம் மூன்று வகையில் மனிதனைத் தாக்கும். முதலாவது அதிர்வு. நாள்தோறும் அதிர்வேற்ற விரல்களில் குருதியோட்டம் தளர்ந்து, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். சப்பானிய வனத்துறைத் தொழிலாளரிடையே 1960களில் இந்நோய் பரவலாக வெளிப்பட்டது. 1970களில் அங்கே ரம்பம் பிடிக்கும் நேரத்தை நாளொன்றுக்கு இரண்டு மணியளவில் கட்டுப்படுத்தும் நெறிகள் எழுந்தன. பிரிட்டன் இதனைத் தொழில்நோயாக ஏற்றது 1985 இல்தான். இரண்டாவது இரைச்சல். இயங்கும் ரம்பத்தின் ஓசை 100 டெசிபெல்லைத் தாண்டும். மலேசியாவின் 2019 ஆம் ஆண்டு விதிகள் நாள் முழுமைக்கும் சராசரியாக அனுமதிப்பது 85 டெசிபெல்லே.

மூன்றாவது மிகக் கொடியது. அதனைப் பின்னுதைப்பு எனலாம். சுழலும் தகட்டின் நுனியில் மேற்பாதி மரத்தில் பட்டால், ரம்பம் இமைப்பொழுதில் மேலெழும்பிப் பிடித்தவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திரும்பும். அத்தகைய வேளையில் முன்கைக் காப்பு தள்ளப்பட்டதும் சங்கிலியை நொடிக்கும் குறைந்த நேரத்தில் நிறுத்தும் தடை, 1970களின் தொடக்கத்தில்தான் விற்பனை ரம்பங்களில் இடம்பெற்றது. வேகத்தையும் எடைக்குறைவையும் முதலில் தேடிய தொழிலுலகம், கையையும் காதையும் கழுத்தையும் காக்க எண்ணியது பல்லாண்டுகள் கழித்தே. வாங்குபவர் கேட்ட வரிசையில் மேம்பாடுகள் வந்தன. பிடிப்பவர் கேட்டிருந்தால் அவ்வரிசை வேறாக இருந்திருக்கும்.

நம் நாட்டில் 1994 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஆபத்தில்லாத கருவியையும் பயிற்சியையும் தருவது முதலாளியின் கடமை என்று வகுத்தது. 2024 சூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அச்சட்டத்தைப் பெரும்பாலான பணியிடங்களுக்கும் விரித்தது. உடனடி ஆபத்து நேரும்போது பணியிடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளிக்கு அளித்தது.

தேர்வு நெறி

இன்று ரம்பம் வாங்குவோர் எவற்றைக் கருத வேண்டும்? முதலில் மரம். சங்கிலி ஓடும் தகடு, வெட்டப்படும் மரத்தின் குறுக்களவைக் காட்டிலும் சற்றே நீண்டிருந்தால் போதும். முதிர்ந்த ரப்பர் மரத்துக்கு 18 அங்குலத் தகடு பெரும்பாலும் போதுமானது. தேவைக்கு மேல் நீண்ட தகடு எடையைக் கூட்டும். நுனி எங்கே படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது ஆள். நாள் முழுதும் தூக்கப்போகிறவர் கடையிலேயே அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது காப்பு. சங்கிலித் தடை, அதிர்வு தாங்கும் கைப்பிடி, தலைக்கவசம், முகவலை, காதுமூடி ஆகியவை இல்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் மலிவன்று. காலுறைக் காப்பின் உள்ளே நீண்ட இழைகள் பொதிந்திருக்கும். சங்கிலி அதனைத் தொட்டதும் இழைகள் வெளிவந்து பல்சக்கரத்தில் சுற்றி ஓட்டத்தை நிறுத்தும். நம் நாட்டு வெயிலில் முழு உறை தாங்காதென்றால் முன்புறம் மட்டும் மூடும் வகையும் உண்டு.

நான்காவது கூர்மை. கூரிய சங்கிலி மரத்தைச் சீவல்களாக எறியும். மழுங்கிய சங்கிலி மாவுபோல் தூளை உதிர்க்கும். தூளைக் கண்டதும் வேலையை நிறுத்தி அரத்தால் தீட்ட வேண்டும். மழுங்கியதை அழுத்திப் பிடிப்பவரே சோர்ந்து தவறுவர். பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிய நம் பாட்டிமார் இதனை எவரும் சொல்லாமலே அறிந்திருப்பர். ஐந்தாவது, வேண்டாத இடத்தில் ரம்பத்தைத் தவிர்த்தல். சிறு கிளைக்குக் கைவாள் போதும்.

நகரத்து மரங்களும் நம் கடமையும்

இவையெல்லாம் காட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் உரிய செய்திகள் அல்ல. 2024 மே 7 ஆம் நாள் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஒரு பெருமரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நொறுங்கின. முதிர்ந்த மரங்கள் நிறைந்த நகரில், மரத்தை ஆய்ந்தறிந்து, கயிற்றில் ஏறி, நோயுற்ற கிளையை மட்டும் அறுத்து, மரத்தையும் மக்களையும் ஒருங்கே காக்கும் தொழிலாளர் தேவை. இது வெறும் கூலிவேலை அன்று. கற்றுத் தேற வேண்டிய தொழில்.

செந்தூலிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கெப்போங்கில் இதற்கொரு நற்சான்று நிற்கிறது. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட வெற்றுநிலத்தை ஃபாக்ஸ்வொர்தி என்னும் அறிஞர் 1926 இல் தேர்ந்தார். 1929 இல் அங்கே வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தொழிலாளர் கையால் நட்ட கன்றுகள் இன்று அடர்ந்த காடாகியுள்ளன. 2025 இல் அவ்வனப் பூங்கா உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. ரம்பம் நிமிடங்களில் செய்வதை மீட்க மண்வெட்டிக்கு நூறாண்டு வேண்டும் என்பதை அக்காடு மாணவர்க்கு உணர்த்தும்.

செந்தூல் பணிமனையின் பணிகள் பத்து காஜாவுக்குப் பெயர்ந்துவிட்டன. தோட்ட லயங்கள் பல இடிந்துவிட்டன. பால்வெட்டுக் கத்தி, மங்கு, காண்டாக் கம்பு ஆகியவற்றின் பெயர்களும் பயன்களும் முதியோர் சிலர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. தமிழாசிரியர்கள் தம் மாணவரை அம்முதியோரிடம் அனுப்பி, ஒவ்வொரு கருவியின் பெயரையும், அதனைப் பிடிக்கும் முறையையும், அதனால் உண்டான தழும்பையும் எழுதி வரச் செய்தல் வேண்டும். அஃது மொழிப்பாடமும் ஆகும். வரலாற்றுப் பாடமும் ஆகும்.

அவ்வாறு கற்ற மாணவருள் ஒருவர் நாளை ஒரு நிறுவனத்தில் கருவி வாங்கும் பொறுப்பில் அமரலாம். விலைப்பட்டியலைப் புரட்டுமுன், அக்கருவியைப் பிடிக்கப்போகும் தொழிலாளியை அழைத்து, “இஃது உங்கள் கைக்கு ஏற்றதா, ஐயா?” என்று அவர் கேட்பாராயின், நாம் கற்பித்த வரலாறு பயன் தந்தது என்று மகிழலாம்.